பேஸ் கிட்டாரில் கம்பிக்குக் கம்பி சத்தம் மாறுகிறதா? பிக்கப்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஃபெண்டரின் பிரசிஷன் மாடல் வகை நாலு கம்பி பேஸ் (தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி), எட்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள சின்ன ஆம்ப், வாசிப்பது வீட்டில் பத்துக்குப் பத்து அறையில். ஏ கம்பியை மீட்டினால் அலமாரிக் கதவு வரைக்கும் அதிர்கிறது. ஈ கம்பி அமுங்கிக் கிடக்கிறது. ஜி கம்பிக்குப் போனால் சத்தம் பாதியாகிவிடுகிறது. பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள், போய்விட்டதா, புதிது வாங்கிப் போடலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். கம்பிகளின் சத்தம் ஏறுக்குமாறாக இருந்தால் எல்லாரும் முதலில் பிக்கப்பைத்தான் சந்தேகப்படுகிறார்கள். உண்மையில் பிக்கப்பே கெட்டுப்போயிருப்பது அபூர்வம். அறை, ஆம்ப், காது, கம்பி செட், நெக் (பேஸின் கழுத்து), பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) என்று அதற்கு முன்னால் சோதிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதிலும் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே அறையையும் ஆம்பையும் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். இல்லையென்றால் அறையின் குறைக்கு பேஸைத் திருகிக்கொண்டிருப்போம். அப்புறம் மேடைக்குப் போனால் எல்லாம் தலைகீழாகக் கேட்கும்.

அறையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. பத்து அடி என்பது ஏறக்குறைய 3.05 மீட்டர். எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவில் நிலைத்து நிற்கும் முதல் அலையின் அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்கு 343 மீட்டரை, அறை நீளத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். வருவது 56 ஹெர்ட்ஸ். உங்கள் திறந்த ஏ கம்பியின் சுருதி 55 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் ஒரே அளவாக இருப்பதால் இரண்டு பக்கமும் அதே அலைதான் எழும். கூரையும் பத்து அடி உயரம் என்றால் மூன்றாவது திசையும் சேர்ந்துகொள்ளும். அந்த அறையில் ஏ முழங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். திறந்த ஏ கம்பியை மீட்டி ஃபோனில் பதிவு செய்து, அதை ஆம்ப் வழியாகத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அறைக்குள் மெதுவாக நடந்து பாருங்கள். சுவர் ஓரத்திலும் மூலையிலும் முழக்கம் ஏறும், அறையின் நட்டநடுவில் வடிந்துவிடும். பேஸைத் தொடாமலேயே சத்தம் இவ்வளவு மாறுகிறது என்றால் அந்த முழக்கத்துக்கு பேஸ் பொறுப்பில்லை.

ஈ கம்பியின் கதை வேறு. அது 41 ஹெர்ட்ஸ். அந்த அறையின் முதல் அலைக்கே கீழே இருப்பதால் அறையிலிருந்து அதற்கு எந்த உதவியும் கிடைக்காது. எட்டு அங்குல ஸ்பீக்கர் அந்த ஆழத்தில் பெரும்பாலும் கைவிட்டுவிடும். நாம் கேட்பது ஈ-யின் மேல் ஸ்வரங்களைத்தான். மனிதக் காதும் அங்கே பலவீனமானது. 100 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழ சுமார் 26 டெசிபல் போதும். 40 ஹெர்ட்ஸ் விழ ஏறக்குறைய 50 டெசிபல் வேண்டும். பக்கத்து வீட்டுக்குப் பயந்து ஒலியைக் குறைத்து வாசிக்கும்போது முதலில் காணாமல் போவது ஈ-யின் அடித்தளம்தான்.

சரி, இதையெல்லாம் தாண்டி பேஸில் உண்மையிலேயே கோளாறு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அடுத்தடுத்த இரண்டு கம்பிகளில் ஒரே சுருதியை வாசித்து ஒப்பிடுங்கள். ஒரே சுருதி என்றால் அறையும் ஸ்பீக்கரும் காதும் இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்தும். மிஞ்சுகிற வித்தியாசம் பேஸிலிருந்தோ விரலிலிருந்தோ வருவது. திறந்த கம்பியைச் சேர்க்காதீர்கள், அதன் ஒலியே வேறு. எட்டாவது ஃப்ரெட்டையும் (ஃப்ரெட் என்பது நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) அடுத்த கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஈ கம்பியின் எட்டும் ஏ கம்பியின் மூன்றும் ஒரே சி. ஏ-யின் எட்டும் டி-யின் மூன்றும் ஒரே எஃப். டி-யின் எட்டும் ஜி-யின் மூன்றும் ஒரே பி ஃப்ளாட். மூன்று ஜோடிகளில் நாலு கம்பியும் அடங்கிவிடுகிறது.

வாசிக்கும்போது பேஸின் வால்யூமும் டோனும் முழுவதும் திறந்திருக்கட்டும், ஆம்பின் ஈக்யூ எல்லாம் நடுவில் நிற்கட்டும். முடிந்தால் ஆம்பே வேண்டாம், ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக கணினிக்கு நேராக விட்டு ஹெட்போனில் கேளுங்கள். விரலுக்குப் பதில் பிக் எடுத்து, எல்லாக் கம்பியையும் பிக்கப்புக்கு மேலே ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் அடியுங்கள். கட்டைவிரலை பிக்கப்மேல் ஊன்றி வாசிப்பவர்களுக்கு ஈ கம்பி கையருகிலும் ஜி கம்பி தூரத்திலும் இருக்கும்; விரல் எட்டிப் போய் மீட்டும்போது தன்னையறியாமல் அடி தளர்ந்துவிடும். பிக் வைத்துப் பார்த்தபோது ஜி சரியாக இருந்து, விரலில் மட்டும் மெலிந்தால், கட்டைவிரலை கம்பிகளோடு சேர்த்து நகர்த்தப் பழகினால் போதும்.

எட்டாவது ஃப்ரெட்டில் வரும் ஒலி சற்று உருண்டையாக, இருட்டாக இருக்கும். மூன்றாவதில் தெளிவாக இருக்கும். கம்பியின் தடிமனும் நீளமும் வேறு என்பதால் அது இயல்பு, அதை விட்டுவிட்டு அளவை மட்டும் கேளுங்கள். திரையில் பார்ப்பதானால் அடி விழுந்த கணத்தில் குதிக்கும் முனையைப் பார்க்காமல், அதற்கு அப்புறம் ஓடும் உடல் பகுதியைப் பாருங்கள். இரண்டு டெசிபல் வித்தியாசத்தை நான் கண்டுகொள்வதில்லை. நாலைந்து டெசிபல் என்றால் கை வைக்க வேண்டியதுதான்.

இந்தச் சோதனையில் ஈ-ஏ ஜோடி சமமாக வந்துவிடும் என்றுதான் எதிர்பார்க்கிறேன். டி-ஜி ஜோடியில் ஜி கொஞ்சம் மெலிந்து வரலாம். அதற்குப் பிரசிஷனின் அமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. 1951-ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த முதல் பிரசிஷனில் கம்பிக்கு ஒரு காந்தம் வீதம் ஒரே சுருள். 1957-ல்தான் இன்று நாம் பார்க்கும் இரண்டு பாதி பிக்கப் வந்தது. கம்பிக்கு இரண்டு காந்தம், கம்பி அவற்றின் இடைவெளிக்கு நேர் மேலே ஓடும், அதனால் அடியின் முதல் வெட்டு மட்டுப்படும். ஈ, ஏ கம்பிகளுக்கான பாதி நெக் பக்கமாகவும், டி, ஜி கம்பிகளுக்கான பாதி பிரிட்ஜ் பக்கமாகவும் தள்ளி உட்கார்ந்திருக்கும். பிரிட்ஜை நெருங்க நெருங்க கம்பி ஆடும் வீச்சு குறையும். ஏற்கெனவே மெல்லிய ஜி கம்பியை, அது குறைவாக ஆடும் இடத்தில் பிக்கப் கேட்கிறது. அதனால்தான் அந்தப் பாதியைக் கம்பிக்குக் கொஞ்சம் நெருக்கமாக வைப்பது வழக்கம்.

ஆனால் அங்கே போகும் முன் கம்பி செட்டைப் பாருங்கள். கம்பியின் இழுவிசை, தடிமனின் இருமடிக்கும் சுருதியின் இருமடிக்கும் தக்கபடி ஏறும். பரவலாகக் கிடைக்கும் 45-65-80-100 செட்டை (ஜி-யிலிருந்து ஈ வரை தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) இப்படித் தோராயமாகக் கணக்கிட்டால், ஜி-யின் இழுவிசை 100 என்று வைத்துக்கொண்டால் டி 117, ஏ 100, ஈ 87 என்று வரும். டி விறைப்பாக நிற்கும், ஈ தொளதொளவென்று ஆடும். அதே விரல் அழுத்தம் நாலு கம்பியிலும் நாலு விதமாகப் பேசுவதற்கு இது போதும். 45-65-85-105 செட்டில் ஏ 112, ஈ 96 ஆகிவிடும். கீழ் மூன்று கம்பிகளுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் கைக்குக் குறையும். நான் பரிந்துரைப்பதும் அதைத்தான். இழுவிசையைச் சமப்படுத்தியே தயாரிக்கும் செட்டுகளும் உண்டு; அவற்றில் டி கம்பி 60 அளவுக்கு மெலிந்தும் ஈ கம்பி 107 அளவுக்குத் தடித்தும் இருக்கும்.

ஒரு கம்பி அறுந்தது என்று அதை மட்டும் மாற்றியிருந்தால் அந்தப் புதுக் கம்பி மற்ற மூன்றையும் தாண்டித்தான் ஒலிக்கும். வியர்வையும் கடற்காற்றும் உள்ள ஊரில் ரவுண்ட்வூண்ட் கம்பி (உள்கம்பியின்மேல் உருண்டைக் கம்பி சுற்றியது) சீக்கிரம் மங்கிப்போகும். செட்டாகவே மாற்றுங்கள், மாற்றும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கம்பியை வெட்டுவதற்கு முன், வெட்டும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே செங்கோணமாக மடக்கிவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் மேல் சுற்று உள்கம்பியின்மேல் தளர்ந்து, பெட்டியிலிருந்து எடுத்த அன்றே கம்பி செத்துவிடும். இரண்டாவது, தலையிலுள்ள சுருதிக் குச்சியில் சுற்றும்போது கம்பி முறுக்கிக்கொள்ளக் கூடாது. முறுக்கிய கம்பியும் இப்படித்தான், எந்தக் காரணமும் தெரியாமல் மந்தமாக ஒலிக்கும்.

ஏ கம்பியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபெண்டர் வகைத் தலையில் டி, ஜி கம்பிகளை அழுத்திப் பிடிக்க ஒரு சின்ன வட்ட வில்லை இருக்கும். ஏ-க்கு அது கிடையாது. சுற்றுகள் குச்சியின் மேல் பகுதியிலேயே நின்றுவிட்டால் நட்டில், அதாவது நெக்கின் தலைப்பக்க முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளமிட்ட கட்டையில், ஏ கம்பி சரியாக அழுந்தி உட்காராது. திறந்து மீட்டும்போது ஒரு ரீங்காரத்தோடு சத்தம் சிதறும். மூன்று நாலு சுற்று வரும்படி நீளம் விட்டு, ஒவ்வொரு சுற்றையும் முந்தையதற்குக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். கடைசிச் சுற்று குச்சியின் அடிவாரத்தில் முடிய வேண்டும். கம்பி ஏறியதும் நட்டின் இந்தப் பக்கமும் சாடிலின் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் துண்டின்) இந்தப் பக்கமும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிடுங்கள். தடித்த கம்பி சாடிலைத் தாண்டும் இடத்தில் வில்லாக வளைந்து நிற்கும். அழுத்தினால் கூர்மையாக மடிந்து உட்காரும், ஒலி அப்போதே தெளியும்.

அடுத்தது நெக். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் ஈ கம்பியை அழுத்திக்கொண்டு, ஏழெட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு சந்து இருக்கிறது என்று பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் இருந்தால் நன்று. ஃபீலர் கேஜ் இல்லையென்றால் சாதாரண கிட்டாரின் மெல்லிய ஈ கம்பித் துண்டு ஒன்று போதும். 10 கேஜ் கம்பி என்றால் அதன் விட்டம் 0.25 மில்லிமீட்டர். அது உரசாமல் நுழைய வேண்டும், ஆனால் நிறைய இடம் மிஞ்சக் கூடாது. சந்து அதிகமென்றால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும், அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பியை) கடிகார திசையில் கால் சுற்று முறுக்கி, மறுபடி சுருதி சேர்த்து, மறுநாளும் ஒருமுறை பாருங்கள். சக்தியைப் போட்டுத் திருக வேண்டிய நிலை வந்தால் நிறுத்திவிட்டு லூத்தியரிடம், அதாவது கிட்டார் செய்து பழுது பார்ப்பவரிடம், கொண்டுபோங்கள்.

அப்புறம் கம்பியின் உயரம். ஃபெண்டர் நிறுவனம் 9.5 அங்குல ஆர வளைவுள்ள நெக்குக்குத் தரும் அளவு, 17-வது ஃப்ரெட்டில் ஈ பக்கம் 2.4 மில்லிமீட்டர், ஜி பக்கம் 2 மில்லிமீட்டர். நடுவிலுள்ள ஏ-யும் டி-யும் பலகையின் வளைவையொட்டி நிற்க வேண்டும். சாடில் ஸ்க்ரூக்கள் காலப்போக்கில் தளர்ந்து ஒரு கம்பி மட்டும் இறங்கியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். அந்தக் கம்பி பிக்கப்புக்கு நெருங்கிவிடும், ஃப்ரெட்டிலும் உரசும். சத்தம் கூடுதலாகவும் மூச்சு குறைவாகவும் கேட்கும். பிக்கப்பைத் தொடும் முன் இதை முடிப்பது ஏனென்றால், சாடிலை அசைக்கும் ஒவ்வொரு முறையும் பிக்கப் தூரமும் மாறிவிடுகிறது.

இங்கேயே இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். பேஸை மடியில் படுக்க வைத்து, நேர் மேலிருந்து ஜி கம்பி எங்கே ஓடுகிறது என்று கவனியுங்கள். அதன் இரண்டு காந்தங்களுக்கும் நடுவில் ஓட வேண்டும். வெளிக் காந்தத்தையும் தாண்டி ஓரத்தில் ஓடினால் பிக்கப்புக்கு ஜி பாதிதான் கேட்கும். போல்ட் போட்ட நெக்குகளில் இது சகஜம். சுருதியைக் கொஞ்சம் இறக்கி, நாலு நெக் ஸ்க்ரூவையும் கால் சுற்றளவு தளர்த்தி, நெக்கைப் பக்கவாட்டில் மெதுவாக இழுத்து, கம்பிகள் நடுவுக்கு வந்ததும் இறுக்கிவிடுங்கள். ஒரு காசு செலவில்லாத வேலை. ஜி மெலிவு என்று வரும் பேஸ்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இப்போது பிக்கப். கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிப்பக்கத்திலிருந்து காந்தத்தின் தலை வரை அளக்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேல் வேண்டாம். காந்தம் அதைப் படக்கென்று இழுத்து ஒட்டிக்கொள்ளும், அளவும் தப்பும். பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். தொடங்குவதற்கு நல்ல அளவு ஈ பக்கம் 2.8 மில்லிமீட்டர், ஜி பக்கம் 2 மில்லிமீட்டர்.

அங்கிருந்து சத்தம் அதிகமாக உள்ள பக்கத்தை இறக்குங்கள். மெலிந்த பக்கத்தை ஏற்றத்தான் எல்லாருக்கும் கை போகும். ஆனால் காந்தம் கம்பிக்கு மிக நெருங்கினால் அது கம்பியையே இழுக்க ஆரம்பிக்கும். மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலையும், ஒரு ஸ்வரத்துக்குள் இரண்டு ஸ்வரம் கேட்பது போலிருக்கும், நீட்சி சுருங்கும். ட்யூனர் முள் நிலையில்லாமல் ஆடும். சத்தத்தைக் குறைத்துச் சமப்படுத்திவிட்டு, குறைந்த சத்தத்தை ஆம்பில் ஏற்றிக்கொள்வதுதான் சரி. ஒரு முறைக்குக் கால் சுற்று, உடனே எட்டு-மூன்று சோதனை, மறுபடி கால் சுற்று. நெருக்கத்தில் ஒவ்வொரு அரை மில்லிமீட்டரும் காதுக்குத் தெரியும்.

பிரசிஷனில் இரண்டு பாதியும் தனித்தனியாக ஏறி இறங்கும் என்பது பெரிய வசதி. முதலில் பாதிக்குப் பாதி சமப்படுத்துங்கள். ஏ-யின் எட்டும் டி-யின் மூன்றும் ஒன்றாக வரட்டும். அப்புறம் பாதிக்குள் இருக்கும் இரண்டு கம்பிகளைப் பாருங்கள். காந்தங்களின் தலைகள் ஒரே மட்டத்தில் இருக்கும், கம்பிகளோ வளைவில் நிற்கும். 9.5 அங்குல வளைவில் கணக்குப் போட்டால் நடுக் கம்பிகள் ஓரக் கம்பிகளைவிட ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர் உயரத்தில் ஓடும். ஆக, பிக்கப் மட்டமாக இருந்தால் ஏ-யும் டி-யும் அதற்குத் தூரம். உங்கள் பேஸில் பிக்கப்புக்குத் தூரமான ஏ-தான் முழங்குகிறது என்றால், அறையின் மேலுள்ள சந்தேகம் இன்னும் உறுதியாகிறது. ஒவ்வொரு பாதியையும் நடுப்பக்கம் லேசாக உயரும்படி சாய்த்துவிட்டால் இந்த வித்தியாசம் பெருமளவு சரியாகும். ஸ்க்ரூவால் மட்டும் சாயவில்லை என்றால் அடியிலுள்ள ஸ்பாஞ்சின் ஓரத்தில் இன்னொரு துண்டு வையுங்கள். பழைய பேஸ்களில் அந்த ஸ்பாஞ்ச் நைந்து, பிக்கப் குழிக்குள் அமிழ்ந்தே கிடக்கும். ஸ்க்ரூவைத் தளர்த்தினாலும் மேலே வராது. புது ஸ்பாஞ்ச் வைத்தால் அதுவே பாதி வைத்தியம்.

ஜாஸ் பேஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சாய்ப்பு வேலை நடக்காது, அங்கே ஈ பக்கம், ஜி பக்கம் என்று மட்டும்தான் அசைக்க முடியும். பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பைச் சற்று உயர்த்தியும் நெக் பக்கத்ததைத் தாழ்த்தியும் வைத்தால் இரண்டும் சமமாகக் கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் காந்தக் குச்சிகளைத் தனித்தனியாக அழுத்தி இறக்கச் சொல்லும் காணொளிகள் உண்டு. தலையில் திருகு வெட்டிய, ஆலன் கீயால் ஏறி இறங்கும் காந்தமென்றால் தாராளமாகச் செய்யலாம். பிரசிஷன், ஜாஸ் பழைய பாணி பிக்கப்புகளில் முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி அந்தக் காந்தக் குச்சிகளின் மேலேயே நேராகச் சுற்றப்பட்டிருக்கும். குச்சியை அசைத்தால் கம்பி அறுந்துவிடும். நல்ல பிக்கப் அதோடு முடிந்தது.

இவ்வளவும் செய்தபின் ஜி கம்பியில் ஐந்தாவதிலிருந்து ஏழாவது ஃப்ரெட் வரை மட்டும் ஸ்வரம் சீக்கிரம் அடங்குகிறதா? ஐந்தாவதில் அடங்கும் அதே சி, டி கம்பியின் பத்தாவதில் நன்றாக நீள்கிறதா? அது டெட் ஸ்பாட். அந்த அதிர்வெண்ணில் நெக்கே சேர்ந்து ஆடி, கம்பியின் சக்தியை உறிஞ்சிக்கொள்கிறது. போல்ட் போட்ட நீள நெக்குகளில், விலை உயர்ந்தவற்றிலும்கூட, இது உண்டு. பிக்கப்பை எவ்வளவு ஏற்றினாலும் போகாது. தலையில் ஒரு சின்ன கிளாம்ப் மாட்டிப் பாருங்கள். எடை கூடியதும் அந்த இடம் வேறு ஃப்ரெட்டுக்கு, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில், நகர்ந்துவிடும். எட்டு-மூன்று சோதனையில் ஜி-க்கு மூன்றாவது ஃப்ரெட்டை வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கம்ப்ரசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) வைத்துச் சமாளிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். செட்டப் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல கருவிதான். அதற்கு முன்னால் வைத்தால், சத்தமான கம்பிதான் கம்ப்ரசரை இயக்கும். மெலிந்த கம்பி மெலிந்தேதான் இருக்கும், இரைச்சல் மட்டும் ஏறும்.

பிக்கப்பை உண்மையிலேயே மாற்ற வேண்டிய நிலை எது என்றும் சொல்லிவிடுகிறேன். பிரசிஷனின் இரண்டு பாதிகளும் தொடர் இணைப்பில் இருக்கும். ஒரு பாதி முழுவதுமாக அறுந்தால் நாலு கம்பியும் சேர்ந்து ஊமையாகிவிடும். இரண்டு கம்பி மட்டும் மெலியாது. டி-யும் ஜி-யும் சேர்ந்தே மெலிந்து, எந்த உயரத்தில் வைத்தாலும் மீளவில்லை என்றால், அந்தப் பாதிக்குள் சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். மல்டிமீட்டரை எடுத்து, பாதிகளை இணைக்கும் ஒயரின் முனையிலிருந்து ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். வழக்கமான பிரசிஷன் பிக்கப் மொத்தமாக 10, 11 கிலோ ஓம் காட்டும், பாதிக்கு ஐந்து சொச்சம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உங்கள் பிக்கப் நல்ல நிலையில் இருக்கிறது. ஒன்று ஐந்து சொச்சம் காட்டி மற்றது மூன்றில் நின்றால் அப்போது புதியது வாங்குங்கள்.